மழை ஏன் முன்போல் இல்லை? அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி விவசாயிகளுக்குக் காலநிலை அறிவியல்

புரட்டாசி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் எந்த ஊருக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "இந்த வருஷம் மழை எப்படி சார்?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வரும். "காலநிலை மாற்றம்னு சொல்றாங்களே, அப்படின்னா மழை குறையுமா, கூடுமா? ஒரு வருஷம் சொட்டு இல்ல, ஒரு வருஷம் கொட்டித் தீர்க்குது. இதுல எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. முதல் மழையை நம்பி விதைத்து, அடுத்த மழை இருபது நாள் தள்ளிப்போய், முளைத்தது கருகி, மறுபடி விதை வாங்கிப் போட்டவர்கள் நம் பகுதியில் ஏராளம். இரண்டு விதைப்புச் செலவு, இரண்டு உழவுக் கூலி, ஒரு விளைச்சல். அப்பா, தாத்தா காலத்துக் கணக்கு ஏன் தப்புகிறது என்று தெரிந்தால்தான் புதுக் கணக்கு போட முடியும். அதற்கு வேண்டிய அடிப்படை அறிவியலை இந்தக் கட்டுரையில் எளிமையாகப் பார்ப்போம். காட்டில் என்ன செய்யலாம் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

வானிலை வேறு, காலநிலை வேறு

இன்று மழை பெய்யுமா, நாளை வெயில் அடிக்குமா என்பது வானிலை. ஓர் இடத்தில் பல ஆண்டுகளாக மழையும் வெயிலும் காற்றும் எப்படி இருந்து வருகின்றன என்ற சராசரிக் கணக்கு காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுக் கணக்கை அளவாக வைத்திருக்கிறது.

விருதுநகர் சந்தையில் இன்று வத்தல் என்ன விலை என்பது வானிலை போல. பத்து, இருபது வருடமாக எந்த மாதத்தில் விலை ஏறும், எந்த மாதத்தில் இறங்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது காலநிலை போல. ஒரு நாள் விலை சரிந்ததை வைத்து வத்தல் சாகுபடியை விட்டுவிட மாட்டீர்கள். அதேபோல ஒரு வருட வறட்சியையோ ஒரு வருட வெள்ளத்தையோ மட்டும் வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லக் கூடாது. பல ஆண்டுக் கணக்கே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு நகர்கிறது என்பதைத்தான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

நமக்கு மழை எங்கிருந்து வருகிறது?

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம்மிடம் வரும்போது அது காய்ந்த காற்று. அதனால்தான் ஆடிக்காற்றில் புழுதி பறக்கிறது, மழை இல்லை. நம் ஊர் மழை மறைவுப் பகுதி.

ஆகவே நம் கரிசல் காட்டுக்குச் சோறு போடுவது வங்கக்கடல். அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். அதற்கு முன் செப்டம்பரில் கிடைப்பது பெரும்பாலும் உள்ளூர் வெப்பத்தால் மாலையில் திரளும் இடிமழை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. இடிமழை பந்தல்குடியில் பெய்யும், பரளச்சியில் பெய்யாது. இன்று பெய்யும், பிறகு பல நாள் எட்டிப் பார்க்காது. பருவமழை தொடங்கிவிட்டது என்று நினைத்து இடிமழைக்கு விதைத்துவிடுவதுதான் விதை நட்டத்துக்கு முக்கியக் காரணம்.

பூமிக்கு ஒரு போர்வை

மார்கழியில் வானம் தெளிவாக இருந்தால் அன்று இரவு குளிர் அதிகம், விடியலில் பனி இறங்கியிருக்கும். வானம் மூடியிருந்தால் அதே மார்கழியிலும் இரவு புழுக்கமாக இருக்கும், பனியும் குறைவு. இது நீங்கள் அனுபவத்தில் அறிந்தது. ஏன் அப்படி?

பகலில் வெயில் பட்டுச் சூடான நிலம், இரவில் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக மேலே விடுகிறது. வானம் தெளிவாக இருந்தால் சூடு எளிதில் வெளியேறுகிறது. மேகம் இருந்தால் அது சூட்டை வாங்கி, ஒரு பங்கைக் கீழ்நோக்கித் திருப்பி விடுகிறது. மேகம் போர்வை மாதிரி வேலை செய்கிறது.

மேகம் இல்லாதபோதும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத போர்வை ஒன்று இருக்கிறது. நீராவி, கரியமில வாயு எனப்படும் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய வாயுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இவற்றைப் பசுமை இல்ல வாயுக்கள் என்கிறோம். இவை அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 18 டிகிரியில் இருக்கும். இவை இருப்பதால்தான் 15 டிகிரி அளவில் இருக்கிறது. போர்வை கெட்டது அல்ல. போர்வையின் கனம் கூடுவதுதான் பிரச்சினை.

இது நேற்று வந்த கருத்தும் அல்ல. 1856-இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடேறியது. ஆறவும் அதிக நேரம் எடுத்தது. 1859-இல் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி, இந்த வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். நம் மதுரையில் 1944-இல் பிறந்த வீரபத்ரன் ராமநாதன், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்படுத்தப்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்களும் பூமியைச் சூடேற்றும் என்று 1975-இல் கண்டுபிடித்தார். இன்று உலகம் மதிக்கும் காலநிலை விஞ்ஞானிகளில் அவர் ஒருவர்.

பத்தாயிரத்தில் நாலு பங்கு போதுமா?

காற்றில் கரியமில வாயு இருப்பது 10,000 பங்கில் 4 பங்குதான். இத்தனை சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 10 லிட்டர் டேங்கில் 4 மில்லி மருந்து கலந்தால் அதுவும் சரியாக 10,000-இல் 4 பங்குதான். அந்த 4 மில்லி வேலை செய்வதை நீங்கள் பயிரில் பார்த்திருக்கிறீர்கள். அளவு சிறிதா பெரிதா என்பதைவிட, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம்.

இதே டேங்க் கணக்கில் சொன்னால், 200 ஆண்டுகளுக்கு முன் காற்றில் இருந்த கரியமில வாயு 2.8 மில்லி. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 3.15 மில்லி. இப்போது 4.2 மில்லியைத் தாண்டிவிட்டது. அதாவது பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கு. அண்டார்டிகாவில் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் ஒருமுறைகூட இந்த அளவு 3 மில்லியைத் தாண்டியதில்லை என்று தெரிந்தது.

கரிமூட்டமும் நிலக்கரியும் ஒன்றா?

"நாங்களும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுறோம். அதுலயும் புகை வருது. அப்ப நாங்களும் காரணமா?" என்று திருச்சுழி பக்கம் கேட்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஒரு சீமைக்கருவேல மரத்தில் உள்ள கரி, அது வளர்ந்த ஐந்து, பத்து வருடத்தில் காற்றிலிருந்து எடுத்தது. எரித்தால் அதே காற்றுக்குத் திரும்புகிறது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி தழைத்தால் மீண்டும் இழுத்துக்கொள்கிறது. இது கைமாற்றுக் கடன் போல. வாங்கியதைக் கொடுத்து, கொடுத்ததை வாங்குகிறோம். கரிமூட்டப் புகை நெஞ்சுக்குக் கெடுதல் என்பது வேறு விஷயம்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் அப்படி அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்களும் கடல் உயிர்களும் மண்ணுக்குள் புதைந்து உருவானவை அவை. பூமி பூட்டி வைத்திருந்த கரியை வெளியே எடுத்து, இருநூறு ஆண்டுக்குள் எரித்துக் காற்றில் சேர்த்திருக்கிறோம். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் காட்டுக்கும் கடலுக்கும் பாதியளவுக்கே முடிகிறது. மிச்சம் காற்றிலேயே தங்கிப் போர்வையைக் கனமாக்குகிறது.

விவசாயத்திலும் இரண்டு வாயுக்கள் வெளியாகின்றன. தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும் ஆடு மாடுகளின் இரைப்பையிலும் மீத்தேன் உண்டாகிறது. அளவுக்கு மீறிப் போட்ட யூரியாவில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றும். ஆனால் மழையை நம்பி நாலு ஏக்கர் உழும் மானாவாரி விவசாயியின் பங்கு இதில் மிகச் சிறியது. இந்தப் பிரச்சினையை உண்டாக்கியவர் நீங்கள் அல்ல. அதன் அடியை முதலில் வாங்குபவர் நீங்கள். அதனால்தான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சூரியன் காரணமாக இருக்கக் கூடாதா?

விஞ்ஞானிகள் முதலில் சோதித்துப் பார்த்ததே இதைத்தான். சூரியன் அனுப்பும் சக்தியை 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. அது 11 ஆண்டுச் சுற்றில் சற்றே ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து ஏறவில்லை. பூமியின் வெப்பமோ தொடர்ந்து ஏறியிருக்கிறது.

இன்னொரு தடயமும் உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். ஆனால் நாம் வாழும் கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. போர்வை போர்த்தியவருக்கு உள்ளே கதகதப்பு, வெளியே சூடு போவதில்லை. அதே கதைதான்.

ஒரு டிகிரி என்ன பெரிய வித்தியாசம்?

1850 முதல் 1900 வரை இருந்ததைவிட, 2011 முதல் 2020 வரை பூமியின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. இந்தியாவின் சராசரி 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை ஏறத்தாழ 1 டிகிரி கூடியது. பிந்திய இரண்டும் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு.

"நம்ம ஊர்ல காலைல 25, மத்தியானம் 38. ஒரே நாள்ல 13 டிகிரி ஏறுது. ஒரு டிகிரிக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம். உங்கள் உடம்புச் சூடு ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறீர்கள் அல்லவா? சராசரி ஒரு டிகிரி ஏறுவது அப்படிப்பட்டது.

மானாவாரி விவசாயி மனதில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்: வெப்பம் 1 டிகிரி கூடினால், காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். இந்த ஒரு கணக்கிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

முதலாவது, காற்றுக்குத் தாகம் கூடுகிறது. மழை இல்லாத நாட்களில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அது அதிக ஈரத்தை உறிஞ்சும். முன்பு இருபது நாள் தாங்கிய மண் ஈரம், சூடான ஆண்டில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். கரிசல் வெடிப்பு சீக்கிரம் விழும். மழை அளவு குறையாவிட்டாலும் பயிர் வாடுவது இதனால்தான்.

இரண்டாவது, பெய்யும்போது கொட்டுகிறது. சூடான கடலிலிருந்து கிளம்பும் காற்றில் ஈரச்சுமை அதிகம். அது ஒரே இடத்தில் இறங்கினால் பெருமழை.

ஆகவே "மழை குறையுமா, கூடுமா?" என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் இல்லை. இடைவெளியும் கூடும், வேகமும் கூடும். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

2016-ஐ எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்து 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. 950 மில்லிமீட்டர் என்றால் நமக்கு ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். இந்த ஒரு வறட்சியையோ இந்த ஒரு வெள்ளத்தையோ காலநிலை மாற்றம் மட்டுமே உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் கடலும் காற்றும் சூடானால் இரு பக்கமும் இப்படிப்பட்ட ஆண்டுகளுக்கு வாய்ப்பு கூடுகிறது.

எல் நினோ என்றால் நமக்கு வறட்சியா?

கண்மாயில் காற்றடித்தால் அலை ஏறி இறங்கும். அது தினசரி நடப்பது. கண்மாயின் நீர்மட்டமே ஏறுவது வேறு. எல் நினோவும் லா நினாவும் அலை போல. காலநிலை மாற்றம் நீர்மட்டம் போல.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ. குளிர்ந்தால் லா நினா. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறி வரும். இந்தத் தொடர்பின் முக்கியப் பகுதியைக் கண்டறிந்தவர், இந்திய வானிலைத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர். பசிபிக்கின் காற்றழுத்தம் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

இதில் நமக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. எல் நினோ ஆண்டில் வட இந்தியாவுக்கு முக்கியமான தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். அதனால் செய்திகளில் "எல் நினோ, வறட்சி அபாயம்" என்று வரும். ஆனால் நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். 1997-லும் 2015-லும் அப்படித்தான் நடந்தது. செய்தியைக் கேட்டு விதைக்காமல் நிலத்தைத் தரிசு போட்டுவிட வேண்டாம்.

அதே சமயம் இது சட்டம் அல்ல, சாய்வு மட்டுமே. 2021 லா நினா ஆண்டு. வடகிழக்குப் பருவமழை குறைந்திருக்க வேண்டும். மாறாக இயல்பைவிட மிக அதிகமாகக் கொட்டியது. பசிபிக் ஒன்று மட்டும் நம் மழையைத் தீர்மானிப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் எது சூடு என்பதும், வங்கக்கடலில் எத்தனை தாழ்வு நிலைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

சீமைக்கருவேலமும் காற்றாலையும் மழையைத் தடுக்கின்றனவா?

இதைக் கேட்காத ஊர் இல்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி சீமைக்கருவேல மரங்கள் அகற்றப்பட்டபோது, "இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் மழை இல்லை" என்ற பேச்சு பரவலாக இருந்தது. அறிவியல் இதை ஏற்பதில்லை. எந்த மரமும் போல அதுவும் வேரால் நீரை எடுத்து இலை வழியே ஆவியாக வெளியே விடுகிறது. நமக்கு மழை தரும் தாழ்வு நிலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ளது, பல கிலோமீட்டர் உயரமுள்ளது. தரையில் நிற்கும் பத்தடி மரம் அதைத் தடுக்க முடியாது.

கண்மாயிலும் வரத்துக்காலிலும் இந்த மரத்தை அகற்றத்தான் வேண்டும். காரணம் வேறு. அது நீர்வரத்தை மறிக்கிறது, ஆழ வேரால் நிலத்தடி நீரை இழுக்கிறது, மற்ற செடிகளையும் புல்லையும் வளர விடுவதில்லை. சரியான காரணத்துக்காக அகற்றினால், அகற்றியபின் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும் என்பதும் தெரியும். மரத்தை வெட்டினால் மழை வரும் என்று நம்பினால் அத்துடன் நிறுத்திவிடுவோம்.

காற்றாலை மேகத்தைக் கலைக்கிறது, சோலார் தகடு மழையை விரட்டுகிறது என்பதும் அப்படியே. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதே ஆண்டு மழை பொய்த்ததால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு கமுதியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் மழை பொய்த்தது. சோலார் பண்ணைகளால் மேய்ச்சல் நிலமும் ஓடைப் பாதையும் குறைகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதை ஊராட்சியில் கேளுங்கள். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காட்டில் செய்ய வேண்டியவை

1. மழையை நீங்களே அளந்து எழுதுங்கள். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, நேர்ச் சுவருடைய டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துத் தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். "ஓர் உழவு மழை" என்று நாம் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும், மில்லிமீட்டர் மாறாது. ஓர் ஏக்கரில் 10 மி.மீ. மழை என்றால் 40,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரிக்கும் அதிகம். இடிமழை ஊருக்கு ஊர் மாறுவதால், தாலுகா மழைமானி காட்டும் அளவு உங்கள் காட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

2. விழும் மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கோடை மழை கிடைத்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். புரட்டாசிக்கு முன் நிலத்தைச் சிறு சிறு பகுதிகளாக வரப்பு கட்டிப் பிரித்து விடுங்கள். கரிசல் மண் முதலில் வெடிப்பு வழியாகத் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். நனைந்து உப்பியதும் வெடிப்பு மூடிவிடும். பிறகு பெய்வது ஓடிவிடும். பெருமழை கூடும் காலத்தில் ஓடும் நீரைப் பிடிக்கத் தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை அவசியம். ஒரு முறை உயிர்த்தண்ணீர் கொடுக்க அது உதவும். அதிக நீர் வெளியேற ஒரு போக்கும் விடுங்கள்.

3. விதைப்பில் அவசரம் வேண்டாம். முன்பருவ விதைப்பு செய்வதானால், கடினப்படுத்திய விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். அந்த ஆழத்தில் இருக்கும் விதை 20 முதல் 25 மி.மீ. மழை கிடைத்தால்தான் முளைக்கும். 5, 10 மி.மீ. தூறலுக்கு ஏமாறாது. மழைக்குப் பின் விதைப்பவர்களும் இதே 20 மி.மீ. அளவைக் கணக்கில் வையுங்கள். எந்தப் பயிருக்கு எந்தக் கரைசலில் எத்தனை மணி நேரம் ஊற வைப்பது என்பதை அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. முழு நிலத்திலும் ஒரே பயிர் போடாதீர்கள். மக்காச்சோளம் நல்ல விலை தருகிறது. ஆனால் பூட்டை எடுக்கும் நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. ஒரு பங்கு நிலத்தில் குதிரைவாலி, கம்பு, சோளம் போன்ற வறட்சி தாங்கும் பயிரை வையுங்கள். குதிரைவாலியில் எம்.டி.யு. 1 ரகம் மானாவாரிக்கு ஏற்றது. பருத்தியில் உளுந்து ஊடுபயிர் போட்டால், பின்மழை பொய்த்தாலும் உளுந்து கைக்கு வந்துவிடும்.

5. இடைப்பருவ வறட்சியில் இலைவழி ஊட்டம் கொடுங்கள். உளுந்து, பாசிப்பயறு பூக்கும் சமயத்தில் 2 சதவீத டி.ஏ.பி.யும் 1 சதவீத பொட்டாஷும் சேர்த்துத் தெளியுங்கள். 10 லிட்டருக்கு டி.ஏ.பி. 200 கிராம், பொட்டாஷ் 100 கிராம். டி.ஏ.பி.யை முந்தின இரவே சிறிது தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துச் சேருங்கள். 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்கலாம். மாலை நேரத்தில் தெளியுங்கள்.

6. மண்ணில் கரிமச்சத்தைக் கூட்டுங்கள். மட்கு உள்ள மண் ஈரத்தை அதிக நாள் பிடித்து வைக்கும். கோடையில் ஆட்டுக்கிடை போடுவது, கண்மாய் வண்டல் அடிப்பது, தொழுஉரம் இடுவது ஆகிய பழைய வழக்கங்கள் எல்லாம் இன்றைய காலநிலைக்கும் சரியான மருந்து. மக்காச்சோளத் தட்டையைக் காட்டில் கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் மண்ணுக்குப் போக வேண்டிய கரி காற்றுக்குப் போகிறது. யூரியாவை ஈரம் உள்ளபோது, பிரித்துப் பிரித்து இடுங்கள். காசும் மிச்சம், நைட்ரஸ் ஆக்சைடும் குறைவு.

7. முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வருகிறது. "மேகதூத்" செயலியிலும் பார்க்கலாம். அடுத்த மூன்று, நான்கு நாள் முன்னறிவிப்பை விதைப்பு, மருந்து, அறுவடைக்கு நம்பிப் பயன்படுத்தலாம். பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பு ஒரு சாய்வை மட்டுமே சொல்லும். பயிரைத் தேர்ந்தெடுக்க அது உதவும், விதைக்கும் நாளைக் குறிக்க உதவாது.

8. பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ தானியம், பயறு, எண்ணெய்வித்துகளுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பருத்தி, மிளகாய் போன்ற பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. அடங்கலில் உள்ள பயிரும் காட்டில் உள்ள பயிரும் ஒன்றாக இருக்கட்டும்.

9. இடி மின்னலில் காட்டில் நிற்காதீர்கள். திறந்த கரிசல் காட்டில் மனிதர்தான் உயரமான பொருள். பனைமரம், வேப்பமரம் அடியில் ஒதுங்குவது இன்னும் ஆபத்து. இடிச்சத்தம் கேட்டதுமே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். "தாமினி" செயலி மின்னல் அபாயத்தை முன்கூட்டியே காட்டும்.

பழைய கணக்கைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்கள் பல தலைமுறை வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அதுவும் ஒரு காலநிலைக் கணக்குதான். அவர்கள் பார்த்த வானத்துக்கு அது சரியாக இருந்தது. இப்போது வானம் நகர்கிறது. அவர்களைப் போலவே நாமும் பார்த்துக் குறித்து வைத்தால்தான் அடுத்த கணக்கு நமக்குக் கிடைக்கும்.

இந்தப் புரட்டாசியிலேயே ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று எடுத்து வையுங்கள். மழை நாள், மழை அளவு, விதைத்த நாள், முளைத்த நாள், விளைச்சல் இந்த ஐந்தையும் எழுதுங்கள். ஐந்து வருடம் எழுதினால் உங்கள் காட்டின் குணம் பிடிபடும். விதைக்கலாமா, பொறுக்கலாமா என்ற முடிவை எடுக்க அந்த நோட்டு உதவும்.

சந்தேகங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551-இல் தமிழிலேயே கேட்கலாம்.